காங்ஹ்வா நீரிணை, 1871: கோட்டைகளைப் பிடித்த அமெரிக்கக் கடற்படை ஏன் வெறுங்கையோடு திரும்பியது?

கேள்வி இதுதான்: 1871-ல் அமெரிக்கக் கடற்படை கொரியாவின் காங்ஹ்வா தீவில் இறங்கி, இரண்டே நாளில் கோட்டைகளைப் பிடித்தது. தன் பக்கம் மூன்று பேரைத்தான் இழந்தது. அப்படியிருந்தும் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் ஏன் கிளம்பிப் போனது? கொரியா அதை எப்படித் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டது?

அமெரிக்கர்கள் வந்தது ராஜாவிடம் ஒப்பந்தம் கேட்டு. அவர்களிடம் இருந்த படை, கப்பல், நாட்கள் மூன்றும் ஒரு நீரிணைக் கரையில் சண்டை போடத்தான் போதுமானவை. தலைநகர் வரை போய் அரசவையை அசைக்க அவை போதாது. இது அமெரிக்கர்களுக்கும் தெரியும், எதிரே இருந்த அரசுக்கும் தெரியும். அதனால் பீரங்கிகளை எண்ணிப் பார்த்தால் இந்தப் படையெடுப்பு புரியாது. தண்ணீரின் ஆழம், ஓதத்தின் (கடல் ஏற்ற இறக்கத்தின்) வேகம், கரையின் சேறு, சியோல் அரசவையின் மனநிலை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பின்னணி. கொரியாவை ஆண்ட ஜோசொன் அரசு சீனாவோடு மரியாதை உறவும், ஜப்பானோடு பூசான் வழியாகக் கட்டுப்படுத்தப்பட்ட வணிகமும் வைத்திருந்தது. மற்றவர்களுக்குக் கதவு மூடியிருந்தது. 1864-லிருந்து சிறுவயது மன்னர் கோஜோங்கின் பெயரில் ஆட்சி நடத்தியவர் அவருடைய தந்தை. தேவொன்குன் என்ற பட்டத்தால் அறியப்படுபவர். 1866-ல் அவர் கத்தோலிக்கர்களை ஒடுக்கியபோது, நாட்டுக்குள் மறைந்திருந்த 12 பிரெஞ்சுப் பாதிரியார்களில் 9 பேர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெனரல் ஷெர்மன் என்ற அமெரிக்க வணிகக் கப்பல் ஆயுதங்களோடு தேதொங் ஆற்றில் ஏறி, பியொங்யாங் வரை போனது. திரும்பிப் போகச் சொல்லியும் கேட்கவில்லை. ஒரு கொரிய அதிகாரியைப் பிடித்து வைத்துக்கொண்டது, கரையில் கூடியவர்கள் மீது சுட்டது. மழை வெள்ளத்திலும் கடல் ஏற்றத்திலும் மேலே போன கப்பல், தண்ணீர் வடிந்ததும் மணல் திட்டில் தட்டி நின்றுவிட்டது. ஆளுநர் பாக் க்யூ-சூவின் ஆட்கள் நெருப்பு வைத்த படகுகளை அதன் மேல் விட்டார்கள். கப்பலில் இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை.

பாதிரியார்கள் கொலைக்குப் பதிலடியாக பிரெஞ்சு அட்மிரல் ரோஸ் 1866 அக்டோபரில் ஏழு கப்பல்கள், சுமார் 600 பேரோடு வந்தார். காங்ஹ்வா நகரத்தை எளிதில் பிடித்தார், ஆற்று முகத்தை அடைத்தார். ஆனால் நவம்பர் 9 அன்று, மலைமேல் இருக்கும் சொங்ஜொக் கோட்டையை நோக்கிப் பீரங்கி இல்லாமல் அனுப்பிய 160 பேர், கொரியத் தளபதி யாங் ஹொன்-சூவின் படையிடம் அடிபட்டுத் திரும்பினார்கள். அந்தப் படையில் புலி வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். ரோஸ் நகரத்தைக் கொளுத்திவிட்டு, அரச நூலகத்தின் சுவடிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவற்றில் 297 தொகுதிகள் 2011-ல்தான் கொரியா வந்து சேர்ந்தன, அதுவும் கடனாக. இதிலிருந்து சியோல் கற்றுக்கொண்ட பாடம், அன்னியர் வருவார்கள், கரையில் அடிப்பார்கள், உள்ளே வர முடியாமல் போய்விடுவார்கள் என்பது. 1871-ல் அவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

அமெரிக்கத் தரப்பில் பொறுப்பாளர்கள் இருவர். சீனாவுக்கான தூதர் ஃப்ரெடரிக் லோ, ஆசியக் கப்பற்படைத் தளபதி ரியர் அட்மிரல் ஜான் ராட்ஜர்ஸ். வாஷிங்டன் கொடுத்த வேலை, கப்பல் உடைந்து கரையொதுங்கும் மாலுமிகளைப் பாதுகாக்க ஓர் ஒப்பந்தம், முடிந்தால் வணிக ஒப்பந்தமும். சண்டையைத் தவிர்க்க வேண்டும் என்பதும் உத்தரவில் இருந்தது. லோ முன்கூட்டியே சீன அரசின் மூலம் கொரிய மன்னருக்குக் கடிதம் அனுப்பினார். தாங்கள் வரப்போவதைச் சொல்லியாகிவிட்டது என்று அவர் நினைத்தார். ஷெர்மன் விஷயத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, பேச ஒன்றும் இல்லை என்று கொரியா நினைத்தது.

நாகசாகியிலிருந்து மே 16 அன்று கிளம்பிய படையில் ஐந்து கப்பல்கள்: கொடிக்கப்பல் கொலராடோ, அலாஸ்கா, பெனிஷியா, மொனாகசி, பாலோஸ். மொத்தம் 85 பீரங்கிகள், சுமார் 1,230 பேர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் முதல் மூன்றும் நீருக்குள் அதிகம் அமிழும் பெரிய கப்பல்கள், நீரிணைக்குள் நுழையவே முடியாது. பீரங்கிகளில் பெரும்பங்கு அவற்றில்தான் இருந்தது. உள்ளே போகக்கூடியவை இரண்டே: பக்கவாட்டுச் சக்கரங்களால் ஓடும் மொனாகசி, இழுவைக் கப்பலாகக் கட்டப்பட்டுப் பின்னர் பீரங்கி ஏற்றப்பட்ட பாலோஸ். இவற்றோடு கொலராடோ முதலிய கப்பல்களின் நீராவிப் படகுகள் நான்கு. ஆகவே 85 பீரங்கி என்ற எண் காகிதத்தில் இருந்தது, சண்டைக்களத்துக்கு அது வரவே இல்லை.

இனி அந்த நீரிணை. காங்ஹ்வா தீவுக்கும் கிம்போ தரைக்கும் இடையே தெற்கு வடக்காக ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஓடும் குறுகலான உப்புநீர் வாய்க்கால் அது. பிரெஞ்சுக்காரர்கள் உப்பாறு என்று பெயர் வைத்தார்கள். அதன் வடமுனையில் ஹான் ஆறு சேர்கிறது, ஆற்றில் மேலே போனால் தலைநகர். தெற்கு மாகாணங்களிலிருந்து வரி நெல் ஏற்றிவரும் படகுகள் இதன் வழியாகத்தான் சியோல் போகும். இன்சொன் கடற்கரையில் கடல் ஏறி இறங்கும் வித்தியாசம் பெரிய ஓத நாட்களில் 9 மீட்டரைத் தொடும். அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இந்தக் குறுகலுக்குள் புகுந்து வெளியேற வேண்டும். அதனால் ஓட்டம் மணிக்கு 6, 7 கடல் மைல் வேகம் எடுக்கும். சொன்தொல்மொக் என்ற இடத்தில் வாய்க்கால் சட்டென்று வளைகிறது. அடியில் பாறை, மேலே சுழல். வளைவின் மூக்கில் குவாங்சொங் கோட்டை. எதிர்க்கரையிலும் பீரங்கி மேடை. அன்றைய நீராவிக் கப்பல் ஏற்றத்தோடு அந்த வளைவுக்குள் நுழைந்தால், சுக்கான் சொன்னபடி கேட்காது. நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. கொரியத் தற்காப்பு மொத்தமும் இந்த ஓர் உண்மையின் மேல் கட்டப்பட்டது. சற்றுத் தெற்கே தொக்ஜின் கோட்டையில், கடல்வாயிலைக் காக்கிறோம், அன்னியக் கப்பல் தாண்டக் கூடாது என்ற பொருளில் 1867-ல் ஒரு கல்லையே நட்டிருந்தார்கள்.

மே 30 அன்று கப்பல்கள் ஜாக்யாக் தீவருகே நங்கூரம் போட்டன. மறுநாள் கொரிய அதிகாரிகள் சிலர் வந்தார்கள். அவர்களுக்குப் பேச்சுவார்த்தை நடத்தும் தகுதிநிலை இல்லை என்று லோ தாம் சந்திக்காமல், செயலாளரை அனுப்பினார். நாளை வாய்க்காலில் ஆழம் அளக்கப் போகிறோம், கெட்ட எண்ணம் இல்லை, உங்கள் மக்கள் தடுக்கக் கூடாது என்று செயலாளர் சொன்னார். வந்தவர்கள் மறுக்கவில்லை. மறுக்காததைச் சம்மதமாக அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். தலைநகரின் வாயிலுக்கு அனுமதி தரும் அதிகாரம் அந்த அதிகாரிகளுக்கு இல்லவே இல்லை, அவர்கள் வாய் திறக்காததற்கு அதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. என் மதிப்பீட்டில் இந்தப் படையெடுப்பின் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடந்தது. ஒரு நாட்டின் தலைநகருக்குப் போகும் காவல் வாய்க்காலில், ஆயுதம் ஏந்திய கப்பலோடு போய் ஆழம் அளப்பது, அளக்கிறவருக்கு வேண்டுமானால் நில அளவை. கரையில் இருப்பவருக்கு அது படையெடுப்பின் முதல் நாள்.

ஜூன் 1 அன்று மொனாகசி, பாலோஸ், நான்கு நீராவிப் படகுகள் கமாண்டர் ஹோமர் பிளேக் தலைமையில் மேலே போயின. அந்த நாளின் நிலவைக் கணக்கிட்டால், பௌர்ணமிக்கு ஓரிரு நாளே பாக்கி. ஓதம் வலுக்கும் நேரம், ஏற்றத்தின் ஓட்டம் உச்சத்தை நெருங்கும் காலம். சொன்தொல்மொக் வளைவுக்கு வந்தபோது, இரு கரையிலிருந்தும் கொரியப் பீரங்கிகள் ஒரே சமயத்தில் வெடித்தன. அவ்வளவு நெருக்கத்தில் அவ்வளவு குண்டு பொழிந்தும், காயம்பட்டவர்கள் இரண்டே பேர். காரணம் வீரக்குறைவு அல்ல. பீரங்கிகளில் பல, மரக்கட்டைகளோடு சேர்த்துக் கட்டப்பட்டு, வாய்க்காலில் குறிப்பிட்ட ஓர் இடத்தை நோக்கி அசையாமல் பொருத்தப்பட்டிருந்தன. வெடிமருந்துக் கோடு இழுத்து வரிசையாகப் பற்றவைப்பார்கள். இலக்கு சரியான நொடியில் சரியான இடத்தில் இருந்தால் அடி விழும். ஓட்டத்தில் அடித்துச் செல்லப்பட்ட கப்பல்கள் அந்த இடத்தைக் கணத்தில் கடந்துவிட்டன. மறுபடி மருந்து இடுவதற்குள் மேடைகள் கப்பல் பீரங்கிக்கு இலக்காயின. ஆனாலும் மொனாகசி பாறையில் தட்டித் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. அதே வளைவைக் கடந்துதான் திரும்பி வர வேண்டியிருந்தது.

கொரியா மன்னிப்புக் கேட்க ராட்ஜர்ஸ் பத்து நாள் கெடு கொடுத்தார். கெடு கண்ணியத்துக்காக என்று மேலோட்டமாகத் தெரியும். உள்ளே ஓதக் கணக்கும் இருந்தது. பௌர்ணமி கழிந்து தேய்பிறை அட்டமியை ஒட்டி வரும்போதுதான் ஏற்ற இறக்கம் சிறுக்கும், ஓட்டம் தணியும், படகுகளை இழுத்துப் போகலாம். ஜூன் 10 அந்த நாள். இடைப்பட்ட நாட்களில் தீவுக்கரையில் ஒரு கம்பம் நட்டு, அதில் கடிதம் கட்டிவைத்துப் போவதும் எடுப்பதுமாகப் பேச்சு நடந்தது. அன்னியர் எவரும் இந்த வாயிலைத் தாண்ட அனுமதி இல்லை, ராஜாவுக்குக் கடிதம் எடுத்துச் செல்லும் துணிவு எங்களுக்கு இல்லை என்பதே கொரியப் பதில்களின் சாரம். நெடுந்தூரம் வந்தவர்களுக்கு என்று மூன்று காளை, 50 கோழி, 1,000 முட்டை தருவதாகவும் சொன்னார்கள். லோ ஏற்கவில்லை. மன்னிப்பு வரவில்லை.

ஜூன் 10 அன்று இறங்கிய படை 651 பேர்: மாலுமிகள் 542, தரையில் இறங்கிப் போரிடும் மரைன் வீரர்கள் 109, கூடவே ஏழு சிறு பீரங்கிகள். கரையில் தளபதி கமாண்டர் கிம்பர்லி. மொனாகசி தென்முனையின் சோஜி கோட்டையைச் சுட்டு மௌனமாக்கியது. பாலோஸ் 22 படகுகளை இழுத்து வந்து விட்டதோடு சரி, அதுவும் பாறையில் தட்டி உட்கார்ந்துவிட்டது. இறங்கிய இடம் கோட்டைக்குத் தெற்கே உள்ள சேற்றுத்திட்டு. கடல் வாங்கியிருந்ததால் படகிலிருந்து உறுதியான தரைக்கு இடையே சேறு மட்டுமே. முழங்கால் வரை அமிழும், சில இடங்களில் அதற்கும் மேல். காலை உருவினால் செருப்பும் கணுக்கால் உறையும் சேற்றிலேயே தங்கிவிடும். பீரங்கிகளின் சக்கரம் அச்சு வரை புதைந்தது. ஒரு பீரங்கியை நகர்த்த 75, 80 பேர் கயிறு பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் கோட்டைக்குள் ஆள் இருந்து சுட்டிருந்தால் அமெரிக்கர்களின் கணக்கு வேறாக இருந்திருக்கும். சேற்றில் சிக்கிய ஆள் படுக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. காவற்படையைப் பின்வாங்க வைத்தது மொனாகசியின் குண்டு. கரைக்கு ஏறியபின் இரவாகிவிட, அங்கேயே தங்கினார்கள்.

ஜூன் 11 காலை தொக்ஜின் கோட்டை ஆளில்லாமல் கிடந்தது. அதைச் சிதைத்துவிட்டு, வெயிலில் மேடு பள்ளங்களில் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு வடக்கே நடந்தார்கள். நடையின் அலுப்பும் வெப்பமும் குண்டைவிட அதிகமாகப் படுத்தின. உள்நாட்டுப் பக்கம் ஒரு பெரிய கொரியப் படை திரண்டு வந்தது. அதைத் தடுக்க ஒரு பகுதியினரையும் சில பீரங்கிகளையும் குன்றுகளில் நிறுத்திவிட்டு, ஏறக்குறைய 350 பேர் குவாங்சொங் நோக்கி நகர்ந்தார்கள்.

அங்கே தளபதி ஒ ஜே-யொன், அவருடைய தம்பி ஒ ஜே-சூன், சில நூறு வீரர்கள். கூம்பு போன்ற குன்றின் உச்சியில் கல் அரண். அதன் மேல் தளபதி என்று பொருள்படும் ஒரே எழுத்து பொறித்த பெரிய மஞ்சள் கொடி, பக்கத்துக்கு நாலரை மீட்டர் அளவு. கோட்டை கால் மணி நேரத்தில் விழுந்தது என்று எழுதுகிறார்கள். அந்தக் கால் மணிக்குப் பின்னால் நான்கு காரணங்கள் இருந்தன.

ஒன்று, திசை. எல்லாக் கோட்டைகளும் வாய்க்காலைப் பார்த்துக் கட்டப்பட்டவை. பெரிய பீரங்கிகள் தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றன, தரைவழியாகப் பின்பக்கம் வருகிறவனுக்கு அவை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு, வாய்க்காலில் மொனாகசியும் தரையில் சிறு பீரங்கிகளும் ஒரே நேரத்தில் அரணைச் சுட்டன. மூன்று, துப்பாக்கி. கொரியர்களிடம் இருந்தது திரித்துப்பாக்கி. குழலில் மருந்து அளந்து கொட்டி, ஈயக்குண்டு போட்டு, கம்பியால் இடித்து, கிண்ணியில் பற்றுமருந்து வைத்து, புகையும் திரியைச் சரிசெய்து சுட வேண்டும். கைதேர்ந்தவனுக்கே ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். எதிரே மாலுமிகளில் பலர் பின்புறம் தோட்டா போடும் ரெமிங்டன் வைத்திருந்தார்கள், நிமிடத்துக்குப் பத்துச் சுற்றுக்கு மேல் சுடலாம். இதில் ஒரு விசித்திரம், மரைன் வீரர்களின் கையில் இருந்தது முன்புறம் மருந்து இடிக்கும் பழைய ஸ்பிரிங்ஃபீல்டு. அவர்களின் கேப்டன் டில்டனுக்கு அதில் திருப்தி இல்லை. நான்காவது காரணம் சரிவு. குன்றின் அடியிலிருந்து பள்ளத்தில் பதுங்கி ஓடி ஏறுகிறவனை, சுவரின் மேலிருந்து குனிந்து சுட, தலையை வெளியே நீட்ட வேண்டும். நீட்டியவர்கள் வீழ்ந்தார்கள்.

கவசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1866 அனுபவத்துக்குப் பிறகு, குண்டைத் தடுக்க என்று பருத்தித் துணியைப் பதின்மூன்று மடிப்பும் அதற்கு மேலும் அடுக்கித் தைத்த மேலங்கியை தேவொன்குன் அரசு செய்ய வைத்தது. பழைய துப்பாக்கிக் குண்டுக்கு ஓரளவு தாங்கும். ஜூன் வெயிலில் அதை அணிந்து காத்திருப்பதே தண்டனை. பீரங்கிக் குண்டின் தீப்பொறி பட்டால் பஞ்சு பற்றிக்கொள்ளும். பற்றியெரிந்தபடி ஆற்றில் குதித்தவர்கள் இருந்தார்கள்.

மறுமருந்து இட நேரமில்லாமல் போனபோது கல்லை எறிந்தார்கள், மண்ணை அள்ளிக் கண்ணில் வீசினார்கள், ஈட்டியும் வாளும் எடுத்தார்கள். சுவரில் முதலில் ஏறியவர் லெப்டினன்ட் ஹியூ மெக்கீ, உள்ளே குதித்ததும் விழுந்தார், பிறகு இறந்தார். ஒ ஜே-யொன், அவர் தம்பி இருவரும் அங்கேயே மாண்டார்கள். சரணடைய ஆள் இல்லை. பிடிபட்ட இருபது பேரும் பெரும்பாலும் காயத்தால் நகர முடியாதவர்கள். கோட்டையைச் சுற்றி 243 உடல்களை எண்ணியதாக அமெரிக்க அறிக்கை சொல்கிறது. கொரியப் பதிவு 53 என்கிறது. குவாங்சொங்கில் இன்றும் ஏழு சமாதி மேடுகள் இருக்கின்றன, பெயர் அடையாளம் காண முடியாத 51 வீரர்கள் அவற்றில் புதைந்திருக்கிறார்கள். அமெரிக்கர் மூவர் இறந்தார்கள், பத்துப் பேர் காயம். 481 பீரங்கிகள் கைப்பற்றப்பட்டன என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவற்றில் 450-க்கு மேல் 2, 4 பவுண்டு எடைக் குண்டு போடும் சிறு குழல்கள். வெற்றி பெற்றவர்களில் 15 பேருக்கு அமெரிக்காவின் உயரிய வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது, அன்னிய மண்ணில் நடந்த சண்டைக்காக அந்தப் பதக்கம் தரப்பட்டது அதுவே முதல்முறை.

ஜூன் 12 காலை எல்லோரும் கப்பல் ஏறிவிட்டார்கள். கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது. கோட்டைகளைப் பிடித்தபின் லோவிடம் மிஞ்சிய நெம்புகோல் அந்த இருபது கைதிகள். விடுவிக்கிறோம், பேச வாருங்கள் என்றார். உங்கள் விருப்பப்படி செய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. மேலும் நகர வேண்டுமானால் ஹான் ஆற்றில் ஏற வேண்டும். ஆழம் குறைந்த கப்பல் இரண்டுமே பாறையில் அடிபட்டவை. 650 பேர், ஏழு சிறு பீரங்கி, தரைப்படை இல்லை, சுவர் சூழ்ந்த தலைநகர். அதற்கு அனுமதியும் இல்லை.

நெல் வழியை அடைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அதில்தான் உண்மையான அழுத்தம் இருந்தது. 1853-ல் ஜப்பானுக்குப் போன அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி, எதோ (இன்றைய டோக்கியோ) நகரின் வளைகுடாவிலேயே நின்றார், அரிசிக் கப்பல் வரும் வழியும் அவர் கண்ணெதிரே. எதோ அரசு அதை உணர்ந்தது. சியோலுக்கும் வயிறு இந்த வாய்க்கால்தான். ஆனால் அடைத்து வைக்க மாதக்கணக்கில் ஆழம் குறைந்த கப்பல்கள், நிலக்கரி, கரையில் ஒரு நிலையான தளம் வேண்டும். கப்பல் உடைந்த மாலுமிகளுக்காக ஒப்பந்தம் கேட்டு வந்த தூதருக்கு அப்படியொரு போரைத் தொடங்க எந்த முகாந்திரமும் இல்லை. ஜூலை 3 அன்று கப்பல்கள் நங்கூரம் எடுத்தன.

சியோலில் இது எப்படிப் படிக்கப்பட்டது என்று யோசித்தால் தெளிவு கிடைக்கும். 1866-ல் வந்தவர்கள் போனார்கள், 1871-ல் வந்தவர்களும் போனார்கள். தேவொன்குன் நாடெங்கும் கல் நடச் செய்தார்: மேற்கத்திய அன்னியர் படையெடுக்கும்போது போரிடாமல் இருப்பது சமாதானம் பேசுவது, சமாதானம் பேசுவது நாட்டை விற்பது. அமெரிக்கர் நடத்திய சண்டை, அவர்கள் திறக்க விரும்பிய கதவின் மேல் இன்னொரு தாழ்ப்பாளைப் போட்டது.

அந்தத் தாழ்ப்பாள் விலகியது உள்ளிருந்து. 1873-ல் மன்னர் தாமே ஆளத் தொடங்க, தேவொன்குன் அதிகாரம் இழந்தார். 1875 செப்டம்பரில் உன்யோ என்ற ஜப்பானியக் கப்பல் அதே சோஜி கோட்டையருகே படகை அனுப்பிச் சுட வைத்து, பதிலுக்கு அடித்தது. சண்டையின் வடிவம் 1871-ஐ அப்படியே ஒத்தது. ஆனால் ஜப்பான் அடுத்த சில மாதங்களில் தூதுக்குழுவைப் படையோடு காங்ஹ்வாவுக்கு அனுப்பியது, பேச ஆள் இருக்கும் அரசவை எதிரே இருந்தது. 1876 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அமெரிக்காவுக்குக் கிடைத்தது 1882-ல். கமடோர் ஷூஃபெல்ட் இந்த முறை முதலில் சீனாவின் தியன்ஜினில் சீன அரசின் மூத்த அதிகாரி லீ ஹோங்ஜாங்கோடு உட்கார்ந்து வாசகங்களை முடித்துக்கொண்டார். பிறகு ஸ்வடாரா என்ற ஒரே கப்பலில் ஜெமுல்போவுக்கு (இன்றைய இன்சொன் துறைமுகம்) போனார். நீரிணைக்குள் நுழையவில்லை, ஆழம் அளக்கவில்லை. மே 22 அன்று கையெழுத்தானது. லோ 1871-ல் கேட்க வந்த விஷயம், கப்பல் உடைந்த மாலுமிகளின் பாதுகாப்பு, அதன் மூன்றாவது பிரிவில் இருக்கிறது.